எதைக் காட்டினால் ஒத்துக்கொள்வீர்கள்?

என் காக்காவை எங்கள் ஊர்ச் சனம் இரண்டு தடவை அடித்தது. எங்கள் கரையில் மூத்த சகோதரனைக் காக்கா என்றுதான் சொல்லுவோம். இரண்டு தடவையும் நான் பக்கத்தில் நின்றேன். முதல் தடவை, அவர் ஒரு கொள்கையைச் சொன்னதற்காக அடி விழுந்தது. இரண்டாம் தடவை, மற்றவர்களுடைய கொள்கையைச் சோதித்துப் பார்க்கச் சொன்னதற்காக.

காக்கா உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தார். நான் பெண்கள் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. கல்முனைக் கரையில், கடலுக்கும் பிரதான வீதிக்கும் நடுவே, சுவரோடு சுவர் முட்டிக்கொண்டு வீடுகள் நெருங்கிக் கிடக்கும் ஊர் எங்களுடையது. அவருடைய வீடு கடலுக்குக் கிட்ட. என்னுடையது வீதிக்கு இந்தப் பக்கம், வட்டையைப் பார்த்தபடி. வட்டை என்றால் வயல்வெளி. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நான் அங்கே போவேன். காக்காவின் மனைவி, என் மதினி, ஆணம் என்று நாங்கள் சொல்லுகிற குழம்பைக் காய்ச்சிக்கொண்டிருப்பா. நாங்கள் இரண்டு பேரும் முற்றத்தில் கதிரை போட்டுத் தர்க்கம் பண்ணுவோம்.

ஒரு நாள் அவர் ஒரு கொள்கையைப் பற்றிச் சொன்னார். உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் அடிப்படையில் மிக மிகச் சின்ன இழைகளின் அதிர்வு என்கிற கொள்கை. அதைச் சோதித்துப் பார்க்கிற கருவி இன்னும் யாரிடமும் இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

"அப்ப அது விஞ்ஞானம் இல்ல காக்கா. கதை" என்றேன். அவதானம், கருதுகோள், பரிசோதனை, முடிவு என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் கொடுக்கிறவள் நான். மூன்றாவது இல்லாமல் நான்காவதுக்குப் போக முடியாது.

"இன்னும் சோதிக்கல்ல எண்டுறது வேற புள்ள, சோதிக்கவே ஏலாது எண்டுறது வேற" என்றார் அவர்.

குசினிக்குள்ளிருந்து மதினியின் குரல் வந்தது. "சோதிக்காததெல்லாம் கதை எண்டா என்ட மீனாணமும் கதைதான். ரெண்டு பேரும் வந்து சோதிச்சுப் பாருங்க, ஆறிப் போகுது."

நாங்கள் சிரித்தோம். காக்காவின் பிள்ளைகள் இரண்டும், மூத்தவளும் இளையவளும், எங்களுக்கு முன்னால் ஓடிப் போய்ப் பாயில் உட்கார்ந்தார்கள்.

மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது. காக்கா டவுனில் ரியூஷன் வகுப்பில் இருந்தார். நான் வீட்டில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு இரைச்சல், லொறிகள் வரிசையாக வருவதைப் போல. பிறகு சனம். தலையில் முக்காடு இல்லாமல், காலில் செருப்பு இல்லாமல், "கடல் வருகுது, கடல் வருகுது" என்று கத்திக்கொண்டு ஓடி வந்த பெண்களுக்குப் பின்னால் தண்ணீர் தெரிந்தது. அது தண்ணீர் நிறத்தில் இல்லை. கறுப்பாக, கூரைத் தகரமும் வளைமரங்களும் ஓடுகளும் மனிதர்களும் கலந்து, சுவர்களை மடக்கிக்கொண்டு வந்தது. நானும் என் கணவரும் எங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வட்டைக்குள் இறங்கி ஓடினோம். நற்பிட்டிமுனைப் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம் எங்களைக் கூப்பிட்டு, மாற்றிக்கொள்ள உடுப்பும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தது.

கடல் திரும்பிய பிறகு காக்கா தன் வீடு இருந்த இடத்துக்குப் போனார். வீடு இல்லை. கிணற்றின் வளையம் மட்டும் மண்ணுக்கு மேலே நின்றது. மதினியைப் பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த முள்ளுக்கம்பி வேலியில் கண்டெடுத்தார்கள். கம்பி கழுத்திலும் முடியிலும் சுற்றியிருந்தது. அதை வெட்டி எடுக்கக் குறடு இல்லாமல், காக்கா தன் கையால் ஒவ்வொரு முறுக்காகப் பிரித்தார். அவருடைய விரல்களிலிருந்து வழிந்த இரத்தம் மதினியின் முகத்தில் விழுந்தது. அதைத் தன் சட்டையால் துடைத்துத் துடைத்துப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

மூத்தவளின் மையத்தை, அவளுடைய உயிரற்ற உடலை, மறுநாள் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். சைக்கிளில் எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவந்து விற்கிறவர். பிள்ளையை வீடு வீடாகப் போகிற வழியில் கண்டு பழகியவர். தன் இடுப்புச் சாரனில் அவளைச் சுற்றி, கடற்கரை நெடுக நடந்து, தோளில் சுமந்து வந்திருந்தார். அவருடைய ஒரே மகனும் அலையில் போயிருந்தான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அவர் சொல்லவும் இல்லை. படிப்பிக்கிறவர் என்பதால் காக்காவை எல்லோரும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார்கள். "சேர்ட மகள்தானே, எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லி மண்ணில் கிடத்தினார். இளையவள் கிடைக்கவே இல்லை.

மையத்துகளைக் குளிப்பாட்ட முடியவில்லை. உழவு மெசின் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோய், நீளமாக வெட்டிய கிடங்கில் ஒன்றோடொன்று ஒட்டி வைத்து மூடினார்கள். எங்கள் மாமி ஒருவர் கிடங்கின் விளிம்பில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கத்தினார். கத்தக் கத்த மண் விழுந்தது.

பிறகு முகாம். கடலை விட்டுத் தள்ளி இருந்த ஒரு பாடசாலையில் வகுப்பறைக்கு நாலைந்து குடும்பங்கள். என் வீட்டுச் சுவர்கள் வெடித்திருந்ததால் நாங்களும் காக்காவோடு அங்கேதான் இருந்தோம். அவர் தூங்கவில்லை. யாரோ கொண்டுவருகிற பத்திரிகைகளை எல்லாம் வாசித்தார். ரேடியோவைக் காதோடு வைத்திருந்தார். ஒரு காலை, பாய்களைத் தாண்டிப் போய், அந்த வகுப்பறைக் கரும்பலகையில் கடலடியை வரைந்தார்.

"ஒரு நீளப் பலகைய ஆக்கள் வரிசையா நிண்டு கையால அமத்திப் புடிச்சிரிக்காங்க எண்டு வெச்சிக்க" என்று எனக்குச் சொன்னார். "நடுவில நிக்கிறவன் கைய எடுத்தா அவன்ட பாரம் எங்க போகும்?"

"பக்கத்தில நிக்கிறவன்ட கைக்கு."

"கடலுக்கடியில உடைஞ்சது அப்பிடித்தான். உடைஞ்ச துண்டுக்குத் தெக்கால கிடக்கிற துண்டு இப்ப மிச்சப் பாரத்தையும் சேத்துச் சுமக்கிது. அடுத்து உடையிறது அதுதான்."

"எப்ப?"

"தெரியாது. மாசத்திலயும் உடையலாம், பத்து வருஷத்திலயும் உடையலாம்."

"இத எப்பிடிச் சோதிக்கிற?"

"காத்துக்கிட்டு இரிந்துதான்" என்றார்.

அதே முகாமில் வேறு விளக்கங்களும் இருந்தன. பெண்கள் முக்காட்டை விட்டதால் கடல் வந்தது என்று ஒருவர் சொன்னார். வெளிநாட்டுக்காரன் கடலுக்கடியில் குண்டு வெடிக்க வைத்தான் என்று இன்னொருவர் சொன்னார். அவர்களைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். காக்காவிடம் வீடு கட்டுகிற ஒரு மேசன் மட்டும் வந்து கேட்டார். மேசனின் வாப்பாவுக்கு அலையில் கால் முறிந்து, தொடைவரை மாவுக்கட்டுப் போட்டிருந்தது.

"சேர், கடக்கரைக்குத் திரும்பிப் போகலாமா?"

"நான் எண்டா போகமாட்டன்" என்றார் காக்கா. "இன்னொருக்கா உடையும் எண்டுதான் நான் நினைக்கிறன். எப்ப எண்டு தெரியாது."

பின்னேரமாகும்போது அது முகாம் முழுக்கப் போயிருந்தது. 'எப்ப எண்டு தெரியாது' என்பது எந்த வகுப்பறையில் உதிர்ந்ததோ. கடைசி வகுப்பறைக்குப் போய்ச் சேர்ந்தபோது, கடல் இந்தக் கிழமை திரும்ப வரும் என்று சேர் கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டார் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை பகல், சோற்றுப் பார்சலுக்கு வரிசை நின்றது. தண்ணீர் கொண்டுவந்த பவுசரின் குழாய், கேற்றுக்குப் பக்கத்தில் கழன்று போனது. தண்ணீர் கேற்றுக்குக் கீழால் பொங்கி முற்றத்துக்குள் ஓடியது. வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பெண் அதைப் பார்த்தா.

"கடல் வந்திட்டு!"

நான் வகுப்பறை வாசலில் நின்றேன். வரிசை கலைந்ததை நான் காணவில்லை. ஒரே நேரத்தில் எல்லோரும் என் மேல் இருந்தார்கள். பின்பக்கச் சிறிய வாசலுக்கு முழு முகாமும் ஓடியது. கதிரைகள் முறிந்தன. விழுந்த பிள்ளையைத் தூக்கக் குனிந்த தாயின் முதுகில் ஏறி ஓடினார்கள். சனம் போய் முடிந்தபோது அந்த வாசலில் மேசனின் வாப்பா கிடந்தார். மாவுக்கட்டு நொறுங்கியிருந்தது. நெஞ்சு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. வாயிலிருந்து நுரையும் இரத்தமும் வந்தது. அலைக்குத் தப்பிய மனிதர் ஊர்க்காரர்களின் காலுக்குக் கீழே மௌத்தானார்.

மேசன் அழவில்லை. முறிந்த கதிரை ஒன்றின் காலைப் பிடுங்கிக்கொண்டு காக்காவிடம் வந்தார்.

"நீதான்டா கொண்ட! கடல் வரும் எண்டு நீ செல்லித்தான்டா சனம் ஓடின!"

முதல் அடி தோளில். இரண்டாவது அடி வாயில். பிறகு மற்றவர்களும் சேர்ந்தார்கள். ஓடியதற்கு வெட்கப்பட்டவர்கள், விழுந்த பிள்ளைகளின் தகப்பன்மார், ஒன்றும் தெரியாமல் வந்து சேர்ந்தவர்கள். நான் குறுக்கே விழுந்தேன். யாருடையதோ முழங்கை என் கண்ணில் இடித்தது. காக்கா கையைக்கூட உயர்த்தவில்லை. நிலத்தில் சுருண்டு கிடந்து, ஒவ்வொரு உதைக்கும் ஒரு சத்தம் மட்டும் எழுப்பினார். ஆமி உள்ளே வந்து ஆகாயத்தை நோக்கிச் சுட்ட பிறகுதான் விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவருடைய வாயைத் தைத்திருந்தார்கள். விலா எலும்பு முறிந்திருந்தது. எனக்கு அவர் மீது இரக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது.

"சோதிச்சுப் பாக்காத ஒண்ட விஞ்ஞானம் எண்டு செல்லிட்டீங்க காக்கா. ஒரு மனிசன் மௌத்தாகிட்டாரு."

அவர் மெதுவாகத்தான் கதைத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் தையல் இழுத்தது. "மனிசன் மௌத்தானது எனக்குத் தெரியும். அத நீ செல்லித் தரத் தேவல்ல. ஆனா நீ கேக்கிறது வேற கேள்வி. வெளிநாட்டுக்காரன் குண்டு வெச்சான் எண்டவன்ட்டப் போய்க் கேளு, எதக் காட்டினா நீ பிழை எண்டு ஒத்துக்கொள்ளுவாய் எண்டு. அவன்ட்டப் பதில் இரிக்காது. என்ட்ட இரிக்கி. வடக்கால உடைஞ்சா நான் பிழை. நம்மட ஆயுசு முடியுமட்டும் ஒண்டும் நடக்காட்டியும் நான் பிழைதான். நான் பிழையாகிற வழிய நானே செல்லிட்டுத்தான் நிக்கிறன். அதான் புள்ள வித்தியாசம்."

"அது உங்களுக்கும் எனக்கும் விளங்கும். கபுறுக் கிடங்கில இருந்து எழும்பி வந்த சனத்துக்கு விளங்குமா?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து, பங்குனியில், கடலடி மறுபடியும் உடைந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் கத்தின. ஊர் முழுக்க மறுபடியும் வட்டைக்குள் ஓடியது. வரம்புகளில் விழுந்து எழும்பி, பிள்ளைகளைத் தொலைத்துக் கண்டுபிடித்து, சேற்றில் உட்கார்ந்து விடியும்வரை கடல் பக்கத்தையே பார்த்திருந்தோம். எங்கள் கரைக்கு அலை வரவில்லை. ஆனால் உடைந்தது தெற்குத் துண்டு.

செய்தி தெளிவானதும் மேசன் எங்களிடம் வந்தார். காக்காவின் முன்னால் நிலத்தில் உட்கார்ந்து, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "சேர், நீங்க செல்லினது சரியாப் போச்சு. என்னைய மன்னிச்சிக்கங்க. இனி நீங்க எது செல்லினாலும் நான் கேப்பன்."

காக்கா கையை உதறி எடுத்தார். அவர் அவ்வளவு கோபப்பட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சரியாப் போகல்ல! தெக்கு உடையும் எண்டு நினைச்சன், உடைஞ்சிது. அலையும் வரும் எண்டு நினைச்சன், வரல்ல. ஒரு பாதி தப்பு. ஒருக்கா நடந்ததுக்காக எது செல்லினாலும் கேப்பன் எண்டா, நீங்க என்னைய அடிச்சதும் இப்ப அழுறதும் ஒண்டுதான்."

மேசனுக்கு அது விளங்கவில்லை. ஊருக்கும் விளங்கவில்லை. வீடு எங்கே கட்டலாம், கலியாணத்தை எந்த மாதம் வைக்கலாம், கடலுக்குத் தோணி விடலாமா என்று கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முன்பு அடித்தவர்கள் இப்போது அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அவர் வாடகைக்கு எடுத்த வீட்டின் வாசலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

அதற்குப் பிறகு ஆமிக்கும் இயக்கத்துக்கும் இடையிலான சண்டை திரும்பி வந்தது. சமாதானம் என்று சொல்லி வைத்திருந்த காலம் முடிந்து, வீதியில் சோதனைச் சாவடிகள் முளைத்தன. காலையில் வட்டைக்குப் போனவர்கள் பிணமாக வந்தார்கள். தமிழ் ஆட்கள் கடத்தப்பட்டார்கள், முஸ்லிம் ஆட்கள் கடத்தப்பட்டார்கள். ஒவ்வொரு பிணத்துக்கும் ஊரில் உடனே ஒரு விளக்கம் இருந்தது. இவன்தான் செய்தான், அவன்தான் காட்டிக் கொடுத்தான் என்று. எந்த விளக்கத்தையும் யாரும் விசாரித்துப் பார்த்ததில்லை. பாண்டிருப்பிலிருந்து எங்கள் ஊருக்கு வந்துபோன ஆட்கள் குறைந்தார்கள். அந்த மீன்காரர் மட்டும் சைக்கிளில் வந்துகொண்டே இருந்தார். காக்காவின் வீட்டு வாசலில் நிறுத்தி, "சேர், பாரை இரிக்கு, பாக்கிறயளா?" என்று கேட்பார். காக்கா வாங்குவார். இரண்டு பேரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

சந்தையில் குண்டு வெடித்தது ஒரு காலை நேரம். நானும் காக்காவும் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். சத்தத்தை நான் கேட்டதாக ஞாபகம் இல்லை. நெஞ்சில் யாரோ பலகையால் அடித்ததுபோல் இருந்தது, பிறகு நான் நிலத்தில் கிடந்தேன். தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் புகை. வெங்காயச் சாக்கின் மேல் ஒரு கை கிடந்தது, கைக்கடிகாரத்தோடு. ஒரு பெண் தன் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா. காக்கா என்னை எழுப்பி, என் தலையையும் முதுகையும் தடவிப் பார்த்தார். காயமில்லை.

காயப்பட்டவர்களை லொறியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே யாரோ கத்தினார்கள்.

"மீன்காரன்! தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில பெட்டிய வெச்சிட்டுப் போனவன் அவன்தான்! பெட்டிக்குள்ளதான் குண்டு!"

அந்த நேரம் பார்த்து மீன்காரர், தோளில் ஒரு ஐஸ் சாக்கோடு, சந்தைக்குள் திரும்ப ஓடி வந்தார். சத்தம் கேட்டு, தன் சைக்கிளுக்கும் பெட்டிக்கும் என்ன ஆனதென்று பார்க்க வந்தார். அவரைப் பிடிக்க நாலு எட்டுக்கூட எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை. ஐஸ் சாக்கு கிழிந்து சிதறியது. கன்னத்தில் அடித்தார்கள். சாரனை உரிந்து எறிந்தார்கள். "நான் ஐஸ் வாங்கத்தானே போனன், ஐஸ் வாங்கத்தானே போனன்" என்று அவர் சொன்னதையே சொன்னார். பிறகு கூட்டத்துக்குள் காக்காவைக் கண்டார். "சேர், நான் இல்ல எண்டு நீங்க செல்லுங்க சேர்!"

காக்கா தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான் அவருடைய சட்டையைப் பிடித்தேன், கிழிந்து என் கையோடு வந்தது. அவர் மீன்காரருக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"நில்லுங்க! ஒண்டே ஒண்டு கேக்கிறன். பெட்டிக்குள்ளதான் குண்டு எண்டு செல்றீங்க. அப்ப பெட்டி இப்ப தூள் தூளாப் போயிரிக்கணும். பெட்டி முழுசாக் கிடந்தா இவன் இல்ல. அந்தா கிடக்கு கடை. போய்ப் பாத்திட்டு வாங்க. அவ்வளவுதான் கேக்கிறன்!"

"கோணக் கேள்வி கேட்டுக்கிட்டு நிக்கிறாரு! தள்ளுங்க!"

"எதக் காட்டினா இவன் இல்ல எண்டு ஒத்துக்கொள்ளுவீங்க? அதச் செல்லுங்க முதல்ல!"

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மேசன் மட்டும் திரும்பி, புகைக்குள் ஓடினார். மற்ற யாரும் அசையவில்லை. தேத்தண்ணிக் கடை ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தது. போய் வர எடுக்கிற நேரம் ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட இல்லை.

அந்த நேரத்தை அவர்கள் கொடுக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு இரும்புக் கம்பி வந்து காக்காவின் காதடியில் விழுந்தது. அவர் முழங்காலில் சரிந்தார். காதிலிருந்து இரத்தம் வடிந்தது. அவருக்கு மேலால் தாண்டி மீன்காரரை இழுத்தார்கள். காக்கா அவருடைய காலைக் கட்டிப் பிடித்தார். அந்தக் கையைச் சப்பாத்துக் காலால் மிதித்து முறித்தார்கள்; முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. யாரோ சந்தைத் தராசின் படிக்கல்லைத் தூக்கினார்கள். நான் கண்ணை மூடவில்லை. மூடியிருந்தால் நல்லது என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

மேசன் மீன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். அமுக்கினால் நொறுங்குகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி. கடையின் பின்சுவர் மறைத்ததால் மூடிகூடக் கழலவில்லை. நடுவில் இறக்கித் திறந்து காட்டினார். உள்ளே பாரையும் சூரையும், உருகிக்கொண்டிருந்த ஐஸும்.

"பெட்டி முழுசாக் கிடக்கு! பாருங்கடா! முழுசாக் கிடக்கு!"

கூட்டம் பெட்டியைப் பார்த்தது. பிறகு, கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவன் சொன்னான்: "அப்ப வேற பெட்டி வெச்சிருப்பான்." சொல்லிவிட்டு, அசையாமல் கிடந்த மனிதனின் வயிற்றில் இன்னொரு உதை உதைத்தான்.

மீன்காரர் ஆஸ்பத்திரி வாசலில் உயிரை விட்டார். காக்காவின் இடது காது அன்றோடு கேட்காமல் போனது. முறிந்த கை ஒருபோதும் நேராக ஒட்டவில்லை. விசாரணைக்கு வந்தவர்களிடம் அவர் தான் கண்ட ஆட்களைப் பற்றிச் சொன்னார். மேசனும் சொன்னார். யாரையும் நீதிமன்றத்தில் ஏற்றவில்லை. ஆனால் ஊர் அவர்கள் இரண்டு பேரையும் காட்டிக்கொடுத்தவர்கள் என்றது. காக்காவின் வகுப்புக்குப் பிள்ளைகள் வருவது நின்றது. மேசனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. குண்டை யார் வைத்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில்தான் காக்காவோடு என் பழைய தர்க்கம் முடிவுக்கு வந்தது என்று சொல்ல முடியாது. அது இன்னும் முடியவில்லை. ஆனால் வகுப்பில் நான் படிப்பிக்கிற விதம் மாறியது. பரிசோதனைக்கு முன்னால் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன்: எது நடந்தால் இந்தக் கருதுகோளை விட்டுவிடுவீர்கள்? அதற்குப் பதில் சொல்ல முடிந்தால், சோதிக்கிற கருவி வரும்வரை அது விஞ்ஞானத்தின் வாசலில் காத்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டேன். காக்கா அதிலும் குறை பிடித்தார். "வாசலில இல்ல புள்ள, உள்ளுக்குத்தான் இரிக்கி. ஆனா உண்மை எண்டு பேர் வெக்கிறதுக்கு இன்னும் நாள் கிடக்கு" என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. காத்திருக்கிற கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் மேல் பொல்லுத் தூக்க முடியாது, ஊரை ஓட வைக்கவும் முடியாது என்றேன். அதில் மட்டும் அவர் மறுத்துப் பேசவில்லை.

சண்டை முடிந்தது என்று வானொலி சொன்ன கிழமை, காக்கா பாண்டிருப்புக்குப் போகப் புறப்பட்டார். மீன்காரரின் மனைவியைப் பார்க்க அவர் இடையிடையே போய் வருவார். அன்று நானும் போனேன். வடக்கில், ஒரு துண்டுக் கடற்கரையில், சனம் கூட்டம் கூட்டமாகச் செத்துப் போனதாக அந்தத் தெருவில் அழுகைச் சத்தம் கேட்டது. அந்த அம்மாவின் தங்கையும் அந்தப் பக்கம்தானாம். உயிரோடு இருக்கிறாவா என்று தெரியவில்லை.

எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தா. பிறகு காக்காவின் கேட்கிற காதுப் பக்கம் வந்து உட்கார்ந்து கேட்டா.

"சேர், குண்ட ஆரு வெச்ச?"

"தெரியாது தங்கச்சி."

"வாறவங்க எல்லாரும் ஒவ்வொரு ஆளச் செல்றாங்க. எல்லாருக்கும் தெரியுமாம். நீங்க மட்டும் தெரியாது எண்டுறீங்க."

"எனக்குத் தெரியாததாலதான்."

"பெட்டி உடையாமக் கிடந்ததத் திறந்து காட்டினதாமே. அதப் பாத்த பொறகும் அடிச்சவங்களா?"

காக்கா வளைந்த கையை மடியில் எடுத்து வைத்தார். "ஓம்" என்றார். "பாத்த பொறகும் ஒருத்தன் உதைச்சான்."

அவ தலையை ஆட்டினா. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எழும்பிப் போய்க் கதவடியில் நின்றா.

"இனி வராதீங்க சேர். நீங்க நல்ல ஆள், எனக்குத் தெரியும். அவரும் உங்களப் பத்தி அப்பிடித்தான் செல்லுவாரு. ஆனா நீங்க வாற ஒவ்வொரு தரமும் எனக்கு அந்தாள் திரும்பவும் சாகிறாரு."

காக்கா எழும்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டார். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். கை குளிர்ந்து கிடந்தது. அவ இழுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

பிரதான வீதிக்கு நடந்தே வந்தோம். சந்தியில் இளைஞர்கள் கொடி கட்டி, சீன வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கோர்வை காக்காவின் இடது பக்கத்தில், காலடியில் வெடித்தது. நான் அலறிக்கொண்டு வேலியோரம் ஒதுங்கினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடுதாசித் துண்டுகள் அவருடைய சாரனில் ஒட்டியிருக்க, வீட்டுப் பக்கம் நடந்துகொண்டே இருந்தார்.

அடுத்த வருடம் அவர் பொத்துவில் பக்கம் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போனார். அங்கே பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள்.